வெயிலை அளந்து வாங்கும் ஓணான்

தூத்துக்குடி என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது முத்து. அப்புறம் உப்பு, துறைமுகம், மக்ரூன். ஓணான் யாருக்கும் ஞாபகம் வராது! ஆனால் திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலிலோ, உப்பளத்து வரப்பிலோ, கடற்கரைப் புதரிலோ காலை எட்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள். நம் கண்ணில் முதலில் படும் உயிர் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். வேலிக் கம்பில் ஒன்று, கல்லின் மேல் ஒன்று, ஆடாமல் அசையாமல் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். ஆனால் அது சும்மா உட்காரவில்லை. தன் உடம்புக்கு எவ்வளவு சூடு வேண்டுமோ அவ்வளவை வெயிலிலிருந்து அளந்து வாங்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை விஞ்ஞானிகள் புரிந்துகொள்ள ஏறக்குறைய இருநூறு வருடம் ஆனது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

பெயரிலேயே ஆரம்பித்த தப்பு

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான்: பறவைகளும் பாலூட்டிகளும் வெப்ப ரத்தப் பிராணிகள், ஊர்வனவும் தவளையும் மீனும் குளிர் ரத்தப் பிராணிகள். இந்தப் பாகுபாட்டின் வேர் ரொம்பப் பழையது. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் பாம்பு, பல்லி, ஆமை, தவளை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டார். சுறா, திருக்கை போன்ற மீன்களைக்கூட அதிலேயே சேர்த்தார். அவற்றைப் பற்றி அவர் எழுதியதில் மரியாதை துளியும் கிடையாது. குளிர்ந்த உடம்பு, அருவருப்பான தோற்றம் என்று திட்டாத குறைதான்.

"குளிர்ந்த உடம்பு" என்பது அதோடு ஒட்டிக்கொண்டது. குளிர்ந்த அறையில், கூண்டில் கிடக்கும் பல்லியைத் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட பல்லிகளும், சாராயத்தில் ஊறிய பல்லிகளும்தானே! சுற்றுப்புறம் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் பல்லியின் சூடு, அதற்கென்று சொந்தமாக எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நம் ஊரில் மட்டும் ஓணானுக்கு மரியாதை இருந்ததா என்ன? சுருக்குப் போட்டுப் பிடிப்பதும், கல்லால் அடிப்பதும், வாயில் மூக்குப்பொடியைத் திணித்து அது தள்ளாடுவதைப் பார்த்துச் சிரிப்பதும் பல தலைமுறைப் பையன்களின் விளையாட்டு. தலையை ஆட்டி மனிதனைக் கேலி செய்கிறது என்பது அதன் மீது சுமத்தப்பட்ட குற்றம். பழமொழியில்கூட "வேலிக்கு ஓணான் சாட்சி" என்று பொய்சாட்சிக்குத்தான் அதை இழுத்தார்கள்.

கடலை எண்ணினார்கள், கரையை எண்ணவில்லை

தூத்துக்குடிக் கரைக்கு விஞ்ஞானிகள் வராமல் இல்லை. நிறையப் பேர் வந்தார்கள். ஆனால் எல்லோரும் கடலைப் பார்த்து நின்றார்கள்!

காரணம் முத்து. சங்க காலத்துக் கொற்கை தொடங்கி, போர்ச்சுகீசியர், 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள், பிறகு ஆங்கிலேயர் என்று எல்லோருக்கும் இந்தக் கடல் ஒரு கருவூலம். முத்துச்சிப்பி படுத்திருக்கும் கடலடிப் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். ஒவ்வொரு பாருக்கும் தனிப் பெயர் உண்டு. அரசாங்க ஆட்கள் படகில் போய், முக்குளிப்பவர்களை இறக்கி, சிப்பிகளை எடுத்து எண்ணி, வயதைக் கணித்து, இந்த வருடம் முத்துக்குளிப்பு நடத்தலாமா கூடாதா என்று தீர்மானித்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890-ல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு பற்றி எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் முத்தையும் சங்கையும் பல வருடம் ஆராய்ந்தார். 1961-ல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தினர் செயற்கையாக முத்து வளர்த்துக் காட்டினார்கள்.

இவ்வளவு நடந்த கரையில், மணலில் ஓடிய ஒரு சின்ன ஓணானுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை!

அதன் கதை இது. பிரான்ஸ் நாட்டு கூவியே 1829-ல் இந்தியாவின் விசிறித்தொண்டை ஓணானுக்கு 'சிடானா பாண்டிசெரியானா' என்று பெயர் வைத்தார். பெயரிலேயே பாண்டிச்சேரி இருக்கிறது. ஆண் ஓணான் இனப்பெருக்கக் காலத்தில் தொண்டைக்குக் கீழே உள்ள தோலை விசிறி போல விரித்துக் காட்டும். பின்னங்காலில் ஐந்துக்குப் பதில் நான்கே விரல்கள். வாலை விட்டுவிட்டால் நம் விரல் நீளம்தான் உடம்பு. அதற்குப் பிறகு இந்தியாவில் எங்கே இந்த மாதிரி ஓணானைப் பார்த்தாலும் பெரும்பாலும் அதே பெயர்தான்.

2016-ல்தான் நிலைமை மாறியது. வி. தீபக் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் இந்தியத் தீபகற்பத்தின் விசிறித்தொண்டை ஓணான்களை மரபணு, உடலமைப்பு இரண்டையும் வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று என்று நினைத்தது பல இனங்களாக இருந்தது. புதிய இனங்களில் ஒன்றுக்கு 'விசிறி' என்றே தமிழ்ப் பெயர். தென் தமிழகத்தின் சமவெளியிலும் கடலோரத்திலும் வாழும் இன்னொன்றுக்கு 'சிடானா மருதம்நெய்தல்'. வயலும் கடலும் என்று இரண்டு திணைகளின் பெயரைச் சேர்த்து வைத்தார்கள். கூவியேயிலிருந்து கணக்குப் போட்டால் 187 வருடம்!

பாலைவனத்தில் ஒரு தெர்மாமீட்டர்

சரி, வெப்பநிலைக் கதைக்கு வருவோம். அது நடந்தது கலிபோர்னியாவில்.

ரேமண்ட் கௌல்ஸ் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கே படித்த சார்லஸ் போகர்ட் பிறகு நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஒரு பொதுவான நம்பிக்கை இருந்தது: பாலைவனப் பல்லிக்கு எவ்வளவு சூடும் தாங்கும். ஆனால் பாலைவனப் பாம்பையோ பல்லியையோ நிழலே இல்லாத வெயிலில் விட்டால் சில நிமிடங்களிலேயே செத்துப்போவதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். தாங்கும் சக்தி இல்லை என்றால் அது பாலைவனத்தில் எப்படிப் பிழைக்கிறது?

கௌல்ஸும் போகர்ட்டும் கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்குப் பாலைவனத்தில் திறந்தவெளிக் கூண்டுகளில் ஊர்வனவற்றை விட்டு, சீக்கிரம் அளவு காட்டும் சிறிய தெர்மாமீட்டரால் அவற்றின் உடல் வெப்பத்தை மறுபடி மறுபடி அளந்தார்கள். 1944-ல் முடிவு வெளிவந்தது. காற்றின் வெப்பம் ஏறி இறங்கினாலும், நடமாடும் பல்லிகளின் உடல் வெப்பம் ஒரு குறுகிய வரம்புக்குள்ளேயே நின்றது. வெயிலுக்கு வருவது, நிழலுக்குப் போவது, உடம்பைத் தட்டையாக்குவது, திருப்புவது, மணலுக்குள் புதைவது... இவ்வளவுதான் அவற்றின் கருவிகள். உள்ளே அடுப்பு இல்லை. ஆனால் வெளியே இருக்கும் அடுப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியும்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். பல்லி விரும்பும் வெப்பத்துக்கும், அது கைகால் கட்டுப்பாட்டை இழக்கும் வெப்பத்துக்கும் நடுவே இருப்பது சில டிகிரிதான். கத்தி முனையில் நடப்பது மாதிரி. கட்டுப்பாடு இழந்தால் நிழலுக்கு ஓட முடியாது. ஓட முடியாவிட்டால் சாவுதான்.

பிறகு 1962-ல் கௌல்ஸ் "குளிர் ரத்தம்" என்ற சொல்லையே விட்டுவிட வேண்டும் என்று வாதாடினார். ரத்தம் சூடா குளிரா என்பதல்ல கேள்வி, சூடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. உள்ளிருந்து வந்தால் அகவெப்பி, வெளியிலிருந்து வந்தால் புறவெப்பி. நண்பகலில் வெயில் காயும் பாலைவனப் பல்லியின் ரத்தம் நம் ரத்தத்தைவிடச் சூடாகவே இருக்கும். அதைப் போய்க் குளிர் ரத்தப் பிராணி என்றால் எப்படி?

முதலையும் பீர் டின்னும்

இந்த வரலாற்றில் சுவாரசியமான சோதனைகள் நிறைய. கௌல்ஸ், போகர்ட் இருவரும் டைனோசர் நிபுணர் எட்வின் கோல்பர்ட்டுடன் சேர்ந்து அமெரிக்க முதலைகளை வெயிலில் வைத்து அவற்றின் உடல் வெப்பம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளந்தார்கள். 1946-ல் வெளியானது. சின்ன முதலை சீக்கிரம் சூடானது, பெரியது மெதுவாகச் சூடானது. டைனோசர் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பதற்காகச் செய்தது இது. நம் ஊருக்கும் இதே கணக்குதான். உடும்பு சூடாக நேரமாகும், ஆறவும் நேரமாகும். விரல் நீள ஓணான் நிமிடக் கணக்கில் சூடாகி, நிமிடக் கணக்கில் ஆறிவிடும். அதனால்தான் அது நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாற வேண்டியிருக்கிறது.

1954-ல் ஆலிவர் பியர்சன் என்பவர் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைகளில் வாழும் ஒரு பல்லியைப் பற்றி எழுதினார். காற்று உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும்போதும், வெயில் காய்ந்த அந்தப் பல்லியின் உடல் முப்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. சுற்றியுள்ள காற்றின் வெப்பம்தான் பல்லியின் வெப்பம் என்ற பழைய கருத்துக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டுமா?

அப்போது ஒருவர் குறுக்கே வந்தார். ஜேம்ஸ் ஹீத் 1964-ல் பீர் டின்களில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்து வெப்பத்தை அளந்தார். டின்களும் காற்றைவிடச் சூடாயின! அளவுகளைப் பார்த்தால் டின்களும் வெப்பத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. கேலி மாதிரி தெரிந்தாலும் கேள்வி நியாயமானது. பல்லி காற்றைவிடச் சூடாக இருந்தால் மட்டும் போதாது, எதுவும் செய்யாமல் கிடக்கும் ஒரு பொருளைவிட அது வேறுபட்டு நடக்கிறது என்று காட்ட வேண்டும்.

இதற்குப் பதில் இரண்டு வழியில் வந்தது. 1967-ல் ஹேமலும் அவர் குழுவினரும் நீலநாக்குப் பல்லியை ஒரு பக்கம் சூடும் மறு பக்கம் குளிருமான பெட்டியில் விட்டார்கள். அது இரண்டுக்கும் நடுவே போய் வந்து தன் வெப்பத்தைச் சமாளித்தது. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியைச் செயற்கையாகச் சூடாக்கியும் குளிர்வித்தும் பார்த்தபோது அதன் போக்குவரத்தும் மாறியது. அதாவது பல்லியின் மூளைக்குள் தெர்மோஸ்டாட் இருக்கிறது! இன்னொரு வழி, உள்ளே வெற்றிடமான செப்புப் பொம்மைப் பல்லிகளைக் காட்டில் அங்கங்கே வைத்து, "எதுவும் செய்யாத பல்லி" எவ்வளவு சூடாகும் என்று அளந்து, உயிருள்ள பல்லியோடு ஒப்பிடுவது. ஹீத்தின் பீர் டின் இப்படிச் செப்பு ஓணானாக மாறி ஆராய்ச்சியின் அடிப்படைக் கருவியாகிவிட்டது.

காய்ச்சலை வாங்கி வரும் பல்லி

1974-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகர் குழுவினர் செய்த சோதனை இன்னும் ஒரு படி மேலே. பாலைவன இகுவானாவுக்குக் கிருமி செலுத்தினார்கள். நமக்கு நோய் வந்தால் உடம்பு தானே சூடாகும். உள்ளே அடுப்பு இல்லாத பல்லி என்ன செய்யும்? அது வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தது. உடல் வெப்பம் சுமார் இரண்டு டிகிரி உயர்ந்தது. காய்ச்சலை நடந்து போய் வாங்கி வந்தது!

அடுத்த வருடம், கிருமி ஏற்றிய பல்லிகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்துப் பார்த்தார்கள். சூடான இடத்தில் இருந்தவை அதிகம் பிழைத்தன, குளிர்ந்த இடத்தில் இருந்தவை அதிகம் செத்தன. 1976-ல் காய்ச்சலை இறக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் வராமல் போனவை பிழைக்கவில்லை. காய்ச்சல் என்பது வெறும் உபாதை அல்ல, உடம்பின் ஆயுதம் என்பதற்கு மருத்துவ உலகுக்குக் கிடைத்த முக்கியமான சாட்சிகளில் ஒன்று பல்லி. வேலிக்குச் சாட்சி சொன்னதாகக் கேலி செய்யப்பட்ட ஓணானின் சொந்தக்காரன், மருத்துவத்துக்கு உண்மையான சாட்சி சொல்லிவிட்டான்!

நிழல் ஒரு செலவுக் கணக்கு

ரேமண்ட் ஹ்யூயி என்பவர் 1974-ல் இன்னொரு கேள்வி கேட்டார். பல்லிகள் எப்போதும் வெப்பத்தைக் கட்டுப்படுத்துமா? போர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரே இனப் பல்லியை இரண்டு இடங்களில் கவனித்தார். திறந்த பூங்காவில் இருந்தது சுறுசுறுப்பாக வெயில் காய்ந்தது. அடர்ந்த காட்டில் இருந்தது வெயிலைத் தேடவே இல்லை, காட்டின் வெப்பத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஏன்? காட்டில் வெயில் படும் இடம் தூரம். அங்கே போய் வர ஆகும் செலவு, கிடைக்கும் சூட்டைவிட அதிகம். பல்லி வரவு செலவு பார்க்கிறது.

இந்தக் கணக்கோடு தேரிக்காட்டுக்குத் திரும்பி வாருங்கள். காலையில் ஓணான் உடம்பைத் தட்டையாக்கி, முதுகைச் சூரியனுக்குக் காட்டி உட்காருகிறது. சூடு ஏறியதும் இரை தேடுகிறது: எறும்பு, கரையான், சிறு பூச்சி. வெயில் ஏற ஏற மணல் கொதிக்கிறது. மணலை ஒட்டிய காற்றுதான் மிகச் சூடு, சில அங்குலம் மேலே போனாலே குறைந்துவிடும். ஆகவே கால்களை நிமிர்த்தி உடம்பைத் தூக்குகிறது. கல்லின் மேலோ குச்சியின் மேலோ ஏறுகிறது. சூரியனுக்கு முகத்தையோ வாலையோ காட்டித் திரும்பி, வெயில் படும் பரப்பைக் குறைக்கிறது. அதுவும் போதாவிட்டால் உடைமரத்தின் நிழலுக்கோ புதருக்கடிக்கோ ஓட்டம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மறுபடி வெளியே.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் கடைசிக் கட்டம் என்று அர்த்தம். அது தண்ணீரைச் செலவழித்து உடம்பைக் குளிர்விக்கும் வழி. தண்ணீர் அபூர்வமான தேரியில் அது விலை உயர்ந்த வழி. நிழல்தான் இலவசம். அதுவும் பக்கத்தில் இருந்தால் மட்டும்!

இப்போது என்ன பிரச்சினை?

இவ்வளவு சாமர்த்தியமான பிராணிக்குப் பூமி சூடாவதால் என்ன கஷ்டம், இன்னும் கொஞ்சம் நிழலில் இருந்தால் போதாதா என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

பாரி சினெர்வோ குழுவினர் மெக்சிகோவில் முன்பு ஆய்வு செய்த 200 இடங்களுக்கு மறுபடி போனார்கள். 48 இனப் பல்லிகள். 1975-க்குப் பிறகு அந்த இடங்களில் 12 சதவீதத்தில் பல்லிகள் இல்லாமல் போயிருந்தன. 2010-ல் வெளியான இந்த ஆய்வு சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். பல்லிகள் வெயிலில் வெந்து சாகவில்லை. சூடு அதிகமானதால் நிழலில் ஒளிந்திருக்கும் மணிநேரம் கூடியது, இரை தேடும் மணிநேரம் குறைந்தது. இனப்பெருக்கக் காலத்தில் போதிய தீனி கிடைக்கவில்லை. குட்டிகள் குறைந்தன. சத்தமில்லாமல் கூட்டம் அழிந்தது. இதே போக்கு தொடர்ந்தால் 2080-க்குள் உலகின் பல்லி இனங்களில் 20 சதவீதம் அழியக்கூடும் என்று கணித்தார்கள். கணிப்புதான், ஆனால் அலட்சியப்படுத்தும் கணிப்பு அல்ல.

இன்னொரு சிக்கலுக்கு போகர்ட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: போகர்ட் விளைவு. நடத்தையால் சூட்டைத் தவிர்த்துக்கொண்டே வந்த பிராணிக்குச் சூட்டைத் தாங்கும் உடம்பு உருவாக வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. குடை வைத்திருந்தவனுக்கு நனைந்து பழக்கமில்லாத மாதிரி. இன்று காப்பாற்றும் சாமர்த்தியமே நாளை ஆபத்தாகலாம்.

இதில் நம்பிக்கை தரும் ஆய்வும் உண்டு. 2016-ல் மைக்கேல் சியர்ஸ் குழுவினர் நியூ மெக்சிகோவில் பல்லிகளை அடைப்புகளில் விட்டு, நிழல் துணிகளை வெவ்வேறு மாதிரி கட்டிப் பார்த்தார்கள். மொத்த நிழல் ஒரே அளவாக இருந்தாலும், ஒரே பெரிய நிழலைவிடச் சின்னச் சின்னதாகப் பரவிக் கிடந்த நிழலில் பல்லிகள் வெப்பத்தை நன்றாகச் சமாளித்தன. ஓட வேண்டிய தூரம் குறைகிறது அல்லவா? ஹ்யூயியின் செலவுக் கணக்குதான் இது.

தூத்துக்குடிக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. இங்கே இயற்கையாக இருந்தது சின்னச் சின்ன நிழல்தான்: அங்கொரு உடைமரம், இங்கொரு பனை, நடுவே புதர், வெறும் மணல். உப்பளமாகவோ சாலையாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறிய இடத்தில் நிழலே இல்லை. சீமைக் கருவேலம் அடர்ந்த இடத்தில் வெயிலே இல்லை. வெயிலும் நிழலும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்பதுதான் ஓணானின் ஒரே கோரிக்கை. "வெறும் முள்ளும் மணலும்தானே, தரிசு" என்று நாம் தள்ளிவிடும் நிலம்தான் அதற்கு முழு வீடு.

முத்துக்குளிப்புக் காலத்தில் பாரில் சிப்பி குறைந்ததும் அதிகாரிகளுக்குத் தெரிந்துவிடும். வருடா வருடம் எண்ணியதால் தெரிந்தது. மருதம்நெய்தல் ஓணானுக்குப் பெயர் கிடைத்தே கொஞ்ச வருடம்தான் ஆகிறது. பெயர் இல்லாததை யாரும் எண்ண முடியாது. இப்போது பெயர் இருக்கிறது, எண்ணத் தொடங்கலாம். அதற்குப் படகு வேண்டாம், கல் கட்டி முக்குளிக்கவும் வேண்டாம். காலை எட்டு மணிக்கு வேலியோரம் போய்க் கொஞ்ச நேரம் நின்றால் போதும். கையில் கல் மட்டும் இருக்கக் கூடாது!